அர்ச். பிலிப்பு நேரியாரும் அவருடைய ஜெபக்கூடமும்

மே மாதம் தேவமாதாவின் மாதம் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அதே மாதம் 26-ம் தேதி அர்ச். பிலிப்பு நேரியாருடைய திருநாள் என்பது பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது. அந்தோனியாரையும் செபஸ்தியாரையும் அறிந்த அளவுக்கு நம் ஜனங்கள் இவரை அறியார். ஆயினும் வாசகரே, கோயிலில் யாதொரு கட்டணமுமின்றி நல்ல சங்கீதம் கேட்டு மகிழ்ந்திருப்பீர்களானால், குருப்பட்டம் பெறாத ஒரு சாதாரணக் கிறிஸ்தவர் எழுந்து நின்று வேத விஷயம் பேச அதைக் காதுகொடுத்துக் கேட்டிருப்பீர்களானால், நீங்கள் இந்த அர்ச்சியசிஷ்டவருக்குக் கடன்பட்டவர்களே.

இத்தாலியா தேசத்தில் பிளோரன்ஸ் என்னும் அழகிய நகரத்தில் 1515-ம் ஆண்டு ஜூலை மாதம் பிலிப்பு பிறந்தார். தகப்பனார் பிரான்சிஸ்கு நேரி, பத்திரங்கள் எழுதிக் கொடுக்கும் உத்தியோகம் பார்த்தவர்; வருமானம் அதிகமில்லை. சிறு வயதிலேயே தாயார் காலமானார். இளைய தாயார் வந்தார். நம் ஊர்க் கதைகளில் வரும் மாற்றாந்தாயைப் போல் அல்ல, அந்த அம்மாள் பிள்ளையை உயிராக நேசித்தாள். அண்டை வீட்டார் அவரை நல்ல பிப்போ என்று செல்லமாய் அழைப்பார்கள். பிலிப்பு என்பதன் குறுக்கமே பிப்போ.

அந்த நகரத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பிளோரன்ஸிலே நெசவாளர், கடைக்காரர், கைத்தொழிலாளர் முதலியோர் பக்திச் சபைகளாகக் கூடி, வேலை முடிந்த பிறகு மாதா சுரூபத்துக்கு முன்பாகத் தங்கள் சொந்தப் பாஷையிலேயே கீதங்கள் பாடுவார்கள். லத்தீன் அல்ல, வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற பாஷை. லவுதா என்பது அந்தக் கீதங்களுக்குப் பெயர். பிலிப்பு சிறுவனாய் இருக்கும்போதே இந்தப் பாட்டுகள் அவர் காதில் விழுந்து மனதில் தங்கிவிட்டன.

சுமார் 18 வயதானபோது தகப்பனார் அவரை சான் ஜெர்மானோ என்னும் ஊரிலிருந்த உறவினர் ஒருவரிடம் வியாபாரம் பழக அனுப்பினார். அந்த உறவினர் பிள்ளையில்லாதவர், பணக்காரர். பொறுமையாய் இருந்திருந்தால் கடையும் சொத்தும் பிலிப்புக்கே வந்திருக்கும். அவரோ அருகிலிருந்த மலைமேல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடத்துக்கு அடிக்கடி போய்வந்தார். பிறகு கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறுங்கையாய் உரோமாபுரிக்கு நடந்தார்.

உரோமாபுரி அப்போது இருந்த நிலைமையை எண்ணிப் பாருங்கள். 1527-ம் ஆண்டில் அன்னிய சேனைகள் நகருக்குள் புகுந்து கொள்ளையிட்டுக் கோயில்களையும் அவமானப்படுத்திப் போன காயம் இன்னும் ஆறவில்லை. பெரிய பதவிகளில் இருந்த சிலருடைய நடத்தையோ ஜனங்களுக்கு நன்மாதிரிகையாய் இல்லை. வாலிபர்கள் கோயிலுக்குள் வந்தாலும் கூட்டம் பார்க்க வருவார்களே தவிர ஜெபிக்க வருவதில்லை. இந்த நகரத்தில் பிலிப்பு கலெயோத்தோ காச்சா என்னும் சுங்க உத்தியோகஸ்தர் வீட்டில் ஒரு சிற்றறையில் தங்கி, அவருடைய இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் கொஞ்சம் தானியம், அவ்வளவே. சில காலம் தத்துவசாஸ்திரமும் வேதசாஸ்திரமும் படித்தார். அதன் பின் புத்தகங்களை விற்றுப் பணத்தைத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டார். பகலில் ஆஸ்பத்திரி நோயாளிகளைக் கவனிப்பார். கடைவீதிகளிலும் வட்டிக்கடைகளிலும் நிற்கும் வாலிபரோடு சிரித்துப் பேசி சிநேகம் பண்ணிக்கொள்வார். இரவில் நகருக்கு வெளியே அர்ச். செபஸ்தியார் சுரங்கக் கல்லறைகளில் தனியாய் ஜெபிப்பார். 1544-ம் ஆண்டு இஸ்பிரீத்துசாந்துவின் திருநாளை ஒட்டி அங்கே ஜெபித்துக்கொண்டிருக்கையில் அக்கினிப் பந்து ஒன்று தம் வாய் வழியாய் இருதயத்துக்குள் இறங்கியதாக உணர்ந்தார். அது முதல் ஜெபிக்கும்போதெல்லாம் அவருடைய இருதயம் உடல் முழுவதும் அதிரும்படி துடிக்கும். மரித்த பின் வைத்தியர்கள் பார்த்தபோது இருதயத்தின் பக்கத்தில் இரண்டு விலா எலும்புகள் வெளிப்புறமாக வளைந்திருக்கக் கண்டார்கள்.

ஏறக்குறைய 17 வருஷங்கள் இப்படிக் குருவானவர் அல்லாதவராகவே அவர் வேலை செய்தார் என்பதை நம் பங்குத் தகப்பன்மார் கவனிக்க வேண்டும். 1548-ல் தம் ஆத்தும குருவாகிய பெர்சியானோ ரோசா சுவாமியாரோடு சேர்ந்து அர்ச். தமதிரித்துவத்தின் சபையை ஏற்படுத்தினார். 1550-ம் ஆண்டு ஜூபிலிக்கு வந்த ஏழை யாத்திரிகரை அந்தச் சபையார் வரவேற்று, பாதங்களைக் கழுவி, உணவும் படுக்கையும் கொடுத்தார்கள். தமக்குக் குருப்பட்டம் வேண்டாம் என்றே பிலிப்பு எண்ணியிருந்தார். ஆத்தும குரு வற்புறுத்தவே, கீழ்ப்படிந்து 1551-ம் ஆண்டு மே மாதம் 23-ம் தேதி பட்டம் பெற்றார்.

இனி, நாம் சொல்ல வந்த காரியத்துக்கு வருவோம். சான் ஜிரோலமோ என்னும் அர்ச். எரோணிமுஸ் கோயிலை ஒட்டிய வீட்டில் சுவாமியார் குடியேறினார். காலையெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்பார். அவரிடம் வந்த வாலிபர்கள் காலையில் நல்லவர்களாய்ப் போவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் நேரத்தில், வேலை ஒன்றும் இல்லாமல் சூதாட்டத்துக்கும் கெட்ட சிநேகத்துக்கும் இழுக்கப்படுவார்கள். நாளின் அந்தப் பொழுதுதான் ஆபத்தானது என்று சுவாமியார் கண்டுகொண்டார். கோயில்கள் மூடியிருக்கும் அந்தப் பிற்பகலில் அவர் தம்முடைய அறைக் கதவைத் திறந்துவைத்தார். முதலில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இடம் போதாமல் சிலர் அவர் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு அறையும் நடையும் நிரம்பின. கோயில் மச்சின்மேல் வெறுமையாய்க் கிடந்த ஒரு பெரிய பரணைக் கேட்டு வாங்கிச் சீர்ப்படுத்தினார். அதற்கு ஜெபக்கூடம் என்று பொருள்படும்படி ஒரத்தோரியோ என்று பெயர் வந்தது.

அங்கே நடந்தது என்ன? முதலில் ஒருவர் ஒரு நல்ல புத்தகத்திலிருந்து சில பக்கங்கள் வாசிப்பார். சுவாமியார் இடையிலே நிறுத்தி, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதைப்பற்றி உன் எண்ணம் என்ன என்று கேட்பார். பொற்கொல்லர் பேசுவார், வைத்தியர் பேசுவார், பிரபு வீட்டுப் பிள்ளை பேசும். இந்த வழக்கம் நாளடைவில் ஒழுங்குபட்டு, ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கு மேற்படாத நாலு பிரசங்கங்களாக அமைந்தது. அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரம், புண்ணியங்கள், திருச்சபையின் வரலாறு ஆகியவையே விஷயங்கள். அலங்கார வசனம் கூடாது. வித்துவத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது. யாராவது சொற்சிலம்பம் ஆடத் தொடங்கினால் சுவாமியார் முகம் சுளிப்பார். முடிவில் ஜெபமும் பாட்டும். சனிக்கிழமை நீங்கலாக வேலை நாட்களிலெல்லாம் இது நடந்தது. நுழைவுக்குக் கட்டணமில்லை, சிபாரிசு வேண்டாம், முன் வரிசை பின் வரிசை என்ற மரியாதையும் இல்லை. கர்தினாலின் மருமகனும் செருப்புத் தைப்பவனும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள்.

இந்தப் பிரசங்கிகளில் செசாரே பரோனியோ என்னும் வாலிபரின் கதை சுவையானது. சட்டம் படிக்க வந்தவர். பேச எழுந்தால் மரணம், நடுத்தீர்வை, நரகம் என்று பயங்கரமாகவே பேசுவார். கேட்பவர்கள் நடுங்குவார்கள். சுவாமியார் அவரைக் கூப்பிட்டு, இனி அதெல்லாம் வேண்டாம், திருச்சபையின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொல் என்று கட்டளையிட்டார். பரோனியோவுக்கு அது பிடிக்கவேயில்லை, கீழ்ப்படிந்தார். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து என்றார் சுவாமியார். இப்படி ஏறக்குறைய 30 வருஷங்களில் ஏழு முறை முழுச் சரித்திரத்தையும் அவர் சொல்லி முடித்தாராம். பிற்பகலில் வந்து உட்கார்ந்த கடைக்காரர்களுக்காகச் சேர்த்த அந்தக் குறிப்புகளே 1588 முதல் 1607 வரை 12 பெரும் புத்தகங்களாக வெளிவந்து, கத்தோலிக்க சரித்திர ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமாயின. அவ்வளவு பெரிய கல்விமான் சமையல் முறையிலிருந்து தப்பவில்லை. தாம் என்றென்றைக்கும் சமையற்காரன் என்று அடுப்புப் புகைக்கூண்டின் மேல் அவரே எழுதிவைத்தார்.

அந்தக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டவைகளில் இந்திய தேசத்திலிருந்து வந்த கடிதங்களும் உண்டு. அர்ச். சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கரையில் 1542 முதல் ஞானஸ்நானம் கொடுத்துப் பட்ட பாடுகளைச் சேசு சபையார் எழுதியனுப்ப, அந்தப் பரணில் உட்கார்ந்து உரோமாபுரி வாலிபர் கேட்டு உருகினார்கள். நம் கடற்கரைக் குப்பங்களின் சமாசாரம் அங்கே ஒரு பிற்பகலில் வாசிக்கப்பட்டது என்று நினைக்கையில் நமக்கும் ஒரு உறவு உண்டாகிறதன்றோ! சுவாமியாரும் சுமார் 20 பேரும் இந்தியாவுக்குப் புறப்பட்டு வேதத்துக்காக உயிர் கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஆனால் தம் மனம் போனபடி செய்யாமல் ஆலோசனை கேட்டார். ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஒருவர் அவரைத் திரே பொந்தானே மடத்துச் சிரேஷ்டர் அகுஸ்தீனோ கெத்தீனியிடம் அனுப்பினார். அந்தப் பெரியவர் சில நாள் ஜெபித்துவிட்டு, பிலிப்புக்கு உரோமாபுரியே இந்தியா என்று தீர்த்துச் சொன்னார். இது நடந்தது சுமார் 1557-ல். சுவாமியார் ஆசையை அடக்கிக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு சாகும் வரையில் அந்த நகரத்தை விட்டு அவர் எங்கும் போய்த் தங்கவில்லை.

சங்கீதத்தைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலர் அதைக் கூட்டம் சேர்க்கும் தந்திரம் என்று மட்டும் நினைக்கிறார்கள். ஒரு பிரசங்கம், அதன் பின் ஒரு கீதம். கேட்ட புத்தி மனதில் இறங்குவதற்கு அந்தப் பாட்டு இடம் கொடுத்தது. களைத்துப்போன மனது இளைப்பாறி அடுத்த பிரசங்கத்துக்கு ஆயத்தமாகும். ஜியோவான்னி அனிமுச்சியா என்பவர் பிளோரன்ஸ்காரர், சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்பவர். 1555-ல் அர்ச். இராயப்பர் தேவாலயத்துப் பாடகர் குழுவின் தலைவரானார். உலகத்தில் அதற்கு மேலான கோயில் உத்தியோகம் பாடகருக்கு இல்லை. அவரே ஜெபக்கூடத்துக்கு வந்து பாட்டு நடத்தினார். தம் ஊர் லவுதா கீதங்களை நாலு குரல்களுக்கு, யாவரும் புரிந்துகொள்ளும்படி எளிதாக அமைத்து 1563-ல் அச்சிட்டார். 1570-ல் இரண்டாம் புத்தகம் வந்தது. அதற்குள் பெரிய மனிதரும் கோயில் அதிகாரிகளும் ஏராளமாய் வரத் தொடங்கிவிட்டபடியால், எட்டுக் குரல்கள் வரையில் விரிந்த பாட்டுகளையும் லத்தீன் கீதங்களையும் சேர்த்ததாக அவரே முன்னுரையில் விளக்கினார். பாப்பரசரின் சொந்தப் பாடகர் குழுவில் இருந்த ஸ்பானியர் பிரான்சிஸ்கு சோத்தோ என்பவரும் பிறகு இந்த வீட்டிலேயே வந்து சேர்ந்து மேலும் பல கீதப் புத்தகங்களைத் தொகுத்தார். உரோமாபுரியில் பணம் கொடுத்தாலும் எளிதில் கேட்கக் கிடைக்காத குரல்கள் அங்கே ஏழைக்கும் இலவசம்.

களியாட்ட நாட்களில் ஜெபக்கூடம் தெருவுக்கு வரும். தபசு காலத்துக்கு முந்திய அந்த நாட்களில் நகரமே வேஷம் போட்டுக் குடித்துக் கூத்தாடும். அதே நாளில் சுவாமியார் தம் ஆட்களை அழைத்துக்கொண்டு ஏழு பெரிய தேவாலயங்களைச் சந்திக்கக் கால்நடையாய்ப் புறப்படுவார். வழியெல்லாம் பாட்டு. நடுவில் மத்தேயி குடும்பத்தாருடைய தோட்டத்தில் புல்தரையில் உட்கார்ந்து ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, பழம், கொஞ்சம் திராட்சரசம், ஒரு சின்னப் பிரசங்கம், மறுபடியும் பாட்டு. முதலில் சிலரோடு தொடங்கியது பிற்காலத்தில் ஆயிரத்தையும் கடந்த கூட்டமாயிற்று என்பர்.

இதுவே வினையாயிற்று. குருப்பட்டம் இல்லாதவர்கள் வேத விஷயம் பேசுகிறார்கள். பெருங்கூட்டம் ஒரே ஆள் பின்னால் போகிறது. உணவு கொடுத்து ஆள் சேர்க்கிறார். இப்படியெல்லாம் புகார் எழும்பிற்று. பதிதங்கள் பரவிய காலம் அது; அதிகாரிகளுக்கு எந்தக் கூட்டமும் சந்தேகந்தான். அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. 1559-ம் ஆண்டில் நகரத்தின் கர்தினால் விகாரியார் ரொசாரியோ, சுவாமியாரை அழைத்துக் கடுமையாய்க் கண்டித்தார். 15 நாள் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது, உத்தரவின்றிப் பிரசங்கம் கூடாது, கூட்டமாய்ப் போகக் கூடாது என்று தடை விதித்தார். காலையிலெல்லாம் ஜனங்கள் சூழ்ந்திருந்த மனிதர் இப்போது வெளியே போகும்போது, யாரும் என் பின்னால் வராதேயுங்கள் என்று தம் சிநேகிதரைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. வந்தால் அதுவே கீழ்ப்படியாமை ஆகுமே! அவர்களோ அவர் போகும் வழியில் முன்கூட்டியே போய் நிற்பார்களாம். சுவாமியார் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கும் மனு எழுதவில்லை. சில நாட்களில் அந்தக் கர்தினால் திடீரென்று காலமானார். நாலாம் சின்னப்பர் பாப்பரசர் காரியத்தை விசாரித்துக் குற்றமில்லையென்று கண்டு தடையை நீக்கினார்.

மறுபடியும் 1570-ல் அர்ச். ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசருக்குப் புகார் போயிற்று. அவர் சாமிநாதர் சபைக் குருக்கள் இருவரை இரகசியமாய் அனுப்பினார். அவர்களும் மற்றவர்களோடு பலகையில் உட்கார்ந்து பாட்டையும் பிரசங்கத்தையும் கேட்டார்கள். நல்ல சாட்சியம் கொடுத்துத் திரும்பினார்கள். இரண்டு தடவையும் ஒரு கையெழுத்தால் முடிந்துபோயிருக்கக் கூடிய காரியம் அது. முடிந்திருந்தால் பரோனியோவின் புத்தகங்கள் இல்லை. ஒரத்தோரியோ என்ற சங்கீதமும் இல்லை.

கோடை காலத்தில் வெப்பம் தாங்காமல் பரணை விட்டு ஜனிக்குலம் குன்றின்மேல் சான்த் ஒனோப்ரியோ மடத்தருகே திறந்தவெளியில் கூடுவார்கள். கீழே நகரம் முழுவதும் தெரியும். அங்கே ஒரு சிறுவன் எழுந்து, மனப்பாடம் செய்த சின்னப் பிரசங்கத்தைச் சொல்லுவான். முன்னும் பின்னும் கீதங்கள். பெரியவர்களின் பேச்சை மறந்தாலும் அந்தப் பையனை யாரும் மறக்கமாட்டார்கள்.

சுவாமியாருடைய வேடிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. தம்மை அர்ச்சியசிஷ்டவர் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்பதே அவருக்குப் பெரிய பயம். ஒரு நாள் தாடியைப் பாதி சிரைத்துக்கொண்டு வெளியே வந்தார். போலந்து தேசத்துப் பிரபுக்கள் தரிசிக்க வந்தபோது, ஒரு நகைச்சுவைப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். கர்தினால் பதவி தேடி வந்தபோது அதையும் வேடிக்கையாகவே தட்டிக் கழித்தார்.

1575-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ம் தேதி பதின்மூன்றாம் கிரகோரியார் பாப்பரசர் அவருடைய குருக்களை ஒரு சபையாக அங்கீகரித்து, வல்லிச்செல்லா மாதா கோயிலைக் கொடுத்தார். வார்த்தைப்பாடு இல்லாத சபை அது. ஒவ்வொருவரும் தம் செலவுக்குத் தாமே கொடுத்து ஒன்றாய் வாழ்வார்கள். பழைய கோயிலை இடித்து, கையில் போதிய பணமில்லாமலே பெரிய கோயில் கட்டத் தொடங்கினார்கள். உரோமாபுரி மக்கள் அதை இன்றும் கியேசா நுவோவா, அதாவது புதுக்கோயில், என்றே சொல்கிறார்கள். சுவாமியாரோ பழைய அறையை விடவில்லை. 1583-ல் பாப்பரசர் கட்டளையிட்ட பிறகுதான் மாறினார். அப்போது அவருடைய சட்டி பானைகளை ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு அவருடைய ஆட்கள் தெரு வழியாய் ஊர்வலம் போனார்கள். வழியில் நின்றவர்கள் கேலி செய்து கூச்சலிட்டார்கள். அவருக்கு அது கலியாண ஊர்வலம்!

1595-ம் ஆண்டு தேவ நற்கருணைத் திருநாளன்று பூசை செய்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், வந்தவர்களோடு சந்தோஷமாய்ப் பேசினார். அன்று நள்ளிரவு கடந்து, மே 26-ம் தேதி, பிள்ளைகள் சூழ்ந்திருக்க, கையை உயர்த்தி ஆசீர்வதித்து, 79-ம் வயதில் உயிர்விட்டார். கடைசி ஆசீர்வாதத்தைக் கேட்டு வாங்கியவர் பரோனியோ.

1600-ம் ஆண்டு பிப்ரவரியில் வல்லிச்செல்லா ஜெபக்கூடத்தில் எமிலியோ தே கவலியேரி என்பவர் ஆத்துமமும் சரீரமும் வாதாடுவதாக அமைத்த சங்கீத நாடகம் நடந்தது. பிறகு வேத சரித்திரத்தைப் பாட்டாய் அமைக்கும் அந்த வகைக்கே இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு, ஒரத்தோரியோ என்றானது. டப்ளின் நகரில் 1742-ல் முதன்முதல் பாடப்பட்ட ஹாண்டெலின் மெசியாவும் அந்த வகையே. அதற்கு டிக்கெட் வைத்தார்கள்; வசூல் கடனுக்காகச் சிறைப்பட்டவர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போயிற்று. சுவாமியார் அதைக் கேட்டிருந்தால் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

1622-ம் ஆண்டு மார்ச் மாதம் 12-ம் தேதி இஞ்ஞாசியார், சவேரியார், தெரேசம்மாள், இசிதோர் ஆகியவர்களோடு ஒரே நாளில் பிலிப்பு சுவாமியாருக்கும் அர்ச்சியசிஷ்ட பட்டம் அளிக்கப்பட்டது. யாருடைய கடிதங்களைக் கேட்டு இந்தியாவுக்கு வர ஏங்கினாரோ, அவரோடே பட்டம் பெற்றார்.

அவர் வராத இந்தியாவுக்கு அவருடைய சபை வந்தது. 1685-ல் கோவாவில் இந்தியக் குருக்கள் அவருடைய ஒழுங்கின்படி ஒரு வீட்டை ஏற்படுத்தினார்கள். அதில் ஒருவரான யோசேப் வாஸ் முனிவர், ஒல்லாந்தர் நம் வேதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687-ல் கூலிக்காரன் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கி, இலங்கைத் திருச்சபையை அழிவிலிருந்து காப்பாற்றினார். 2015-ல் கொழும்பில் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். அவருக்குப் பின் வந்த அதே சபைக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழும் சிங்களமும் கற்று, இரண்டு பாஷைகளிலும் புத்தகங்களும் கீதங்களும் எழுதினார். தபசு காலத்தில் ஜனங்கள் கோயிலில் கூடியிருக்க இராகத்தோடு வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியதே.